பச்சைப் புள்ளி நமக்குச் சாட்சியாகுமா?

குன்றத்தூரிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்று வாங்கி வந்ததாம். அதன் பின்புறம் 631 என்று ஓர் எண். அந்த எண் பன்றிக் கொழுப்பைக் குறிப்பது என்று கைபேசியில் வந்த செய்தியைப் படித்திருந்த மாமியார், பொட்டலத்தைக் குப்பையில் எறிந்து, பிள்ளையின் வாயையும் கழுவச் செய்துவிட்டார். இரண்டு நாளாக வீட்டில் முகங்கொடுத்துப் பேச்சில்லை. "பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்ததே, அது போதாதா? நாங்கள் எதைத்தான் நம்புவது?" என்று அவர் கேட்கிறார்.

கேள்வி சிறிது போலத் தோன்றினாலும் விஷயம் சிறிதன்று. குன்றத்தூர்ப் பக்கம் நிலைமை மாறிவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த மனைகளில் இன்று அடுக்கு வீடுகள். 2021-இல் ஊர் நகராட்சியாகவும் ஆயிற்று. பாட்டி காலத்தில் நெல் யார் வயலுடையது, பால் யார் மாட்டினுடையது, ஆட்டை அறுத்தவர் யார் என்று வீட்டாருக்குத் தெரியும். ஆள் தெரிந்ததால் பொருளை நம்பினோம். இன்று ஆள் தெரியாது, உறைதான் தெரியும். ஆகவே அந்த உறை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று அறிந்துகொள்வது நமது அன்றாட மார்க்கக் கடமையோடு சேர்ந்ததாகிவிட்டது.

முதலில் ஹதீதைப் பார்ப்போம். பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். கையை உள்ளே விட்டபோது விரல்களில் ஈரம் தட்டியது. இது என்னவென்று வினவ, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். முஸ்லிம் ஷரீபில் வரும் ஹதீது இது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நனைந்த தானியத்தை விற்காதே என்று அங்கே சொல்லப்படவில்லை. மழை பெய்தது வியாபாரியின் குற்றமும் அன்று. ஈரத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே பரப்பியதுதான் குற்றம். வாங்குகிறவன் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். இன்றைய அரசாங்கங்கள் பொட்டலத்தின் மேல் இன்னின்னதை அச்சிட்டே தீரவேண்டும் என்று விதிப்பதன் கருத்தும் இதுவே. உள்ளே இருப்பதை மேலே சொல்!

இதைக் கண்காணிக்க நமது முன்னோர் 'ஹிஸ்பா' என்ற ஓர் இலாகாவையே வைத்திருந்தார்கள். அதன் அதிகாரி முஹ்தஸிப். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஷாம் தேசத்து அஷ்ஷைஸரீ எழுதிய முஹ்தஸிபுக்கான கைநூலில் ரொட்டி சுடுவோர், கசாப்புக்காரர், சமையற்காரர் என்று தொழில்வாரியாகப் பிரித்து, ஒவ்வொருவரும் செய்யும் தில்லுமுல்லுகள் விவரிக்கப்பட்டுள்ளன. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாக் கடைவீதிக் காரியங்களில் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணியை நியமித்தார்கள் என்றும் சில சரித்திர நூல்களில் காணப்படுகிறது. சந்தைக் கண்காணிப்பு ஆண்களின் காரியம் என்று எண்ணும் தாய்மார்கள் இதை நினைவில் வைக்கலாம்.

புள்ளி சொல்வதும் சொல்லாததும்

நமது நாட்டில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-இல் வந்தது. அதற்குப் பதிலாக 2006-இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறைக்கு வந்தது. பச்சை, பழுப்புக் குறிகள் 2000, 2001-ஆம் ஆண்டுகளில் கட்டாயமாக்கப்பட்டவை. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமிருந்தால் அது சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. நிறம் பிரித்தறிய இயலாதவர்களின் வசதிக்காக 2020-ஆம் ஆண்டு விதிகளில் அது பழுப்பு முக்கோணமாக மாற்றப்பட்டது.

சட்டத்தின் பார்வையில் அசைவம் என்பது பிராணி, பறவை, மீன், முட்டை இவற்றின் உறுப்போ அவற்றிலிருந்து எடுத்த பொருளோ கலந்த உணவு. பாலும் தேனும் இதில் சேரா. ஆகவே பச்சைக் குறி போட்ட தயாரிப்பாளர், இதில் எந்த மிருகத்தின் கொழுப்பும் இல்லை என்று சட்டத்தின் முன் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். பொய்யான விவரம் அச்சிட்டால் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்த அளவுக்குப் பச்சைப் புள்ளி நமக்கும் சாட்சிதான்.

ஆனால் எந்தச் சாட்சியும் தான் கண்டதை மட்டுமே சொல்லும். மதுசாரம் பற்றிப் பச்சைப் புள்ளி வாய் திறப்பதில்லை. அது மிருகத்திலிருந்து வருவதன்று அல்லவா! வாசனைச் சத்துக்களைக் கரைக்க மதுசாரம் பயன்படுவது உண்டு. கேக் வகைகளில் ஒயினும் ரம்மும் சேர்ப்பதும் உண்டு. ஆதலால் புள்ளியோடு நிற்காமல் சேர்பொருள் பட்டியலையும் படிக்க வேண்டும். பழுப்புக் குறியோ இதில் பிராணிச் சம்பந்தம் உண்டு என்பதோடு நின்றுவிடும். எந்தப் பிராணி, யார் அறுத்தது, எப்படி அறுத்தது என்பதெல்லாம் அதன் பொறுப்பன்று. வெறும் முட்டை சேர்ந்த பிஸ்கோத்துக்கும் அதே குறிதான், ஜெலட்டின் சேர்ந்த மிட்டாய்க்கும் அதே குறிதான்.

சேர்பொருள் பட்டியலை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. மேலுறையில் பாதாம் பருப்பின் படம் பெரிதாக இருக்கும். பட்டியலில் மைதா, சர்க்கரை, பாமாயில் எல்லாம் வந்த பிறகு, கடைசி வரிசைக்குச் சற்று முன்னால் பாதாம் எட்டிப் பார்க்கும். இதுவும் ஒருவகையில் உலர்ந்த தானியத்தை மேலே பரப்பும் வேலையே. படத்தை நம்பாதீர்கள், பட்டியலை நம்புங்கள்.

இனி எண்கள். இவை உணவில் சேர்க்கும் துணைப்பொருள்களுக்கு உலக அளவில் கொடுத்த வரிசை எண்கள். பெரும்பாலானவற்றில் நமக்குச் சங்கடம் ஏதுமில்லை. சில மட்டும் கவனத்துக்குரியவை. 120 என்பது கொச்சினீல் எனும் பூச்சியை உலர்த்தி எடுக்கும் சிவப்புச் சாயம். 471 என்பது எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிணைக்கும் பொருள். பாமாயிலிலிருந்தும் செய்யலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். சகோதரியின் வீட்டில் கலகம் மூட்டிய 631 சுவை கூட்டுவது. இறைச்சி, மீன் இவற்றிலிருந்தும் எடுக்கலாம். மாவுப் பொருளை நுண்ணுயிர்களால் புளிக்கவைத்தும் எடுக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து இது பன்றி என்று சொல்வதற்கில்லை. ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் இல்லை. பூர்வீகத்தை எண் சொல்லாது என்பதே உண்மை.

இந்தக் குறையை எடுத்துக்கொண்டு டெல்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது ராம் கௌ ரக்ஷா தள் என்ற பசுப் பாதுகாப்பு அமைப்பு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2021 டிசம்பரில் நீதிமன்றம், எண்ணை மட்டும் அச்சிட்டால் போதாது. அது தாவரத்திலிருந்து வந்ததா, மிருகத்திலிருந்து வந்ததா, ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டதா என்பதையும் வெளியிட வேண்டும் என உத்தரவிட்டது. தங்கள் வாயில் எது போகிறது என்று அறியும் உரிமையை அவர்கள் கேட்டார்கள். நமக்கும் அது கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்!

ஆகவே பச்சைக் குறியோடு 631 இருந்த அந்தப் பொட்டலத்தில் பன்றிக் கொழுப்பு இருந்தது என்று கொள்ள நம்மிடம் ஆதாரம் எதுவுமில்லை. பட்டியலில் மதுசாரமும் இல்லையெனில் பிள்ளை தின்றதில் குற்றமில்லை. மாமியாரின் பேணுதல் போற்றத்தக்கது. அவரிடம் மருமகள் குரலை உயர்த்தாமல், பட்டியலை உட்கார்ந்து படித்துக் காட்டினால் அவரும் கேட்டுக்கொள்வார்.

ஜெலட்டின் விஷயம் வேறு. மிருகங்களின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை அது. மிட்டாய், ஜெல்லி, மாத்திரைக் கூடு ஆகியவற்றில் சேரும். பொருள் அடியோடு வேறொன்றாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்ற 'இஸ்திஹாலா' விதி இதற்குப் பொருந்துமா என்பதில் இக்கால உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. மீனிலிருந்து எடுத்ததில் தகராறில்லை. மூலம் தெரியாததை, அதிலும் வெறும் மிட்டாய்க்காக, விட்டுவிடுவதே பேணுதல். மருந்தென்றால் உங்கள் மஹல்லா இமாமிடமும் வைத்தியரிடமும் கேட்டுச் செய்யுங்கள்.

கேள்விப்பட்டதைப் பரப்பலாமா?

பேணுதலுக்கும் வஸ்வாஸுக்கும் இடையே ஒரு மெல்லிய கோடு உண்டு. ஹழ்ரத் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீதில், புதிதாக இஸ்லாத்தைத் தழுவியோர் இறைச்சி கொண்டு வருகிறார்கள், அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரைக் கூறினார்களா என்று தெரியவில்லை என்று சிலர் முறையிட்டபோது, நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக வந்திருக்கிறது. தெருமுனைக் கசாப்புக்கடை பாயிடம் போய்த் துருவித் துருவி விசாரிப்பது மார்க்கம் கேட்கும் காரியமன்று. அவரது சொல்லே அங்கு உறை.

தீர விசாரியாமல் செய்தி பரப்பினால் என்ன ஆகும் என்பதைச் சென்னை மக்கள் 2018 நவம்பரில் கண்டார்கள். ராஜஸ்தானிலிருந்து ரயிலில் எழும்பூருக்கு வந்த, ஏறத்தாழ 2,000 கிலோ இறைச்சி பிடிபட்டது. மீன் என்று எழுதி அனுப்பப்பட்ட பெட்டிகள் அவை. வாலைப் பார்த்த யாரோ நாய்க்கறி என்றார்கள். மாலைக்குள் ஊரெல்லாம் அதே பேச்சு. பிரியாணிக் கடைப் பக்கம் போகவே ஜனங்கள் தயங்கினர். சில நாட்களில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரிசோதனை முடிவு வந்தது: அது ஆட்டிறைச்சியே. செய்தி பரவிய வேகத்தில் மறுப்பு பரவவில்லை. நஷ்டப்பட்டவர்களில் நம் கசாப்புக்காரர்களும் உண்டு, தள்ளுவண்டியில் பிரியாணி விற்கும் ஏழைகளும் உண்டு. தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத்தில் வரும் கட்டளை கைபேசிக்கும் பொருந்தும்.

ஆனால் அனுப்பியவர் பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆட்டிறைச்சியை ஆட்டிறைச்சி என்று எழுதி, முறைப்படி குளிரூட்டி அனுப்பியிருந்தால் இத்தனை அமளி எழுந்திருக்குமா? பொய் எழுதிய உறைதான் வதந்திக்கு வாசல் திறந்தது.

ஹலால் பலகையோடு முடிந்ததா?

திருமறை உணவைப் பற்றிப் பேசும் இடங்களில் 'ஹலால்' என்பதோடு 'தய்யிப்' என்பதையும் சேர்த்தே கூறுகிறது. தூய்மையானது, நல்லது, உடலுக்குத் தீங்கில்லாதது என்றெல்லாம் அதற்கு விரிவுரை கூறுவர். நாம் முதற்சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. ஹலால் என்று பலகை மாட்டிய கடையில் பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் நாள் முழுதும் வெளியிலேயே இருக்கிறது. கிருமி உண்டாகி நோய் பரப்புகிறது என்பதால் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு இதற்குத் தடை விதித்தது. பலகை கத்தியைப் பற்றிப் பேசும். பாத்திரத்தைப் பற்றிப் பேசாது.

கடைக்காரரை மட்டும் சொல்வானேன்? வலீமாச் சோறு பகல் பன்னிரண்டுக்கு இறக்கப்பட்டு, மிஞ்சியது மாலை ஐந்துக்கு உறவினர் வீடுகளுக்குப் போகிறது. சமைத்த உணவு சூடாக இருந்தால் 60 பாகைக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ந்தால் 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். நடுவில் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும் சோற்றில் கிருமி பெருகும். அதில் சிலவற்றின் நஞ்சு மீண்டும் சுடவைத்தாலும் போகாது. நோன்புக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் வழக்கமும் சில பள்ளிவாசல்களில் வந்துவிட்டிருந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அத்தகைய பைகளுக்குத் தடை உள்ளது. தூக்குச் சட்டியை மீண்டும் பரணிலிருந்து இறக்குங்கள். முதவல்லிமார்கள் வாசலில் ஓர் அறிவிப்பு எழுதிப் போட்டால் ஒரே ரமலானில் இது தீர்ந்துவிடும்.

பாலில் வந்த ஈரம்

எந்த உறையும் சொல்லாத சங்கதி ஒன்றுண்டு. பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம், உமர் பார்க்காவிட்டாலும் அல்லாஹ் பார்க்கிறான் என்று மறுத்த பெண்ணின் வரலாற்றை நம் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கிறார்கள். பால் என்றதும் நமக்கு நினைவு வருவது தண்ணீர்க் கலப்பே. 2018-இல் நாடு முழுவதும் 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டார்கள். உடலுக்குக் கேடான கலப்படம் அகப்பட்டது வெறும் 12 மாதிரிகளில். ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு அளவுக்கு மீறி இருந்தது. மாநிலங்களில் தமிழ்நாட்டுக்கே இதில் முதலிடம்: 551-இல் 88.

இந்த நஞ்சைப் பாலில் யாரும் கலக்கவில்லை. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் இவை ஈரத்தோடு மூட்டையில் கிடந்தால் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணம் உண்டாக்கும் நஞ்சு மாட்டின் வயிற்றில் போய் ஈரலில் உருமாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் அழிவதில்லை. நாட்பட்டு ஈரலைத் தாக்கிப் புற்றுநோய்க்கு வழி செய்யும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்துதான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். 1974-இன் இறுதியில் குஜராத், ராஜஸ்தான் எல்லைக் கிராமங்களில் காலந்தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்ட ஏழைகளில் 397 பேர் மஞ்சள் காமாலை கண்டு, 106 பேர் இறந்தார்கள். வேறு உணவு அவர்களுக்கு இருக்கவில்லை.

மதீனாக் குவியலின் ஹதீதில் பூசண விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது என்று நாம் வாதிக்க வரவில்லை. அது வாணிப நேர்மைக்கான போதனை. ஆயினும் ஈரத்தை மறைத்தால் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை என்பதை மேற்சொன்ன சம்பவங்கள் காட்டுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகளில் அரிசி மூட்டை நனைந்து போனதை நம் பகுதித் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூசண வாடை வீசும் அரிசியையோ கடலையையோ கழுவி உலர்த்தி ஏழைக்கு ஸதகா கொடுப்பது தர்மமாகாது. குன்றத்தூரைச் சுற்றி இன்னும் கறவை மாடு வைத்திருப்போர், தீவன மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்கி, சுவரை ஒட்டாமல் வைத்து, பூசணம் கண்டதை மாட்டுக்கும் காட்டாமல் இருந்தால் ஊராருக்கே உபகாரம் செய்தவர்களாவார்கள்.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு முஸ்லிம் நட்ட செடியிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்பதெல்லாம் அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. நட்டால் தர்மம் என்றால் நிலத்தைக் கெடுப்பது என்னவாகும்? குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. அதையடுத்த நாகல்கேணி, பம்மல் பகுதிகளில் தோல் ஷாப்புகளின் கழிவால் நிலத்தடி நீரில் குரோமியம் ஏறியிருப்பதை அண்ணா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டியுள்ளனர். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பயிருக்கு உதவாமல் போனது என்பதை 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பிட்டு, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. தோல் வாணிபத்தில் நம்மவர் பங்கு பெரிது. அந்தப் பணத்தில் கட்டிய மதரஸாக்களும் உண்டு. பதனிட்ட தோல் சுத்தமாகும் என்ற மஸ்அலாவை எல்லோரும் அறிவோம். பிறருக்குத் தீங்கிழைத்தல் ஆகாது என்ற விதியும் அதே ஃபிக்ஹு நூல்களில்தான் இருக்கிறது. அண்டை வயல்காரரின் கிணற்றில் இறங்கிய சாயத்துக்கு எந்தப் பொட்டலத்திலும் குறி கிடையாது.

இயற்கை முறையில் விளைந்தது என்று சொல்லி விற்கும் பொட்டலங்களில் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; அது இருந்தால் ஒரு தணிக்கை நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். 14 இலக்க உரிம எண் இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். உறையிலுள்ள விவரம் பொய்யென்று பட்டால் பொட்டலத்தை எறியாமல், ரசீதோடு உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள். கீரை, காய்கறிக்கு உறையே இல்லை. தெருவில் கூடையோடு வரும் அம்மாவிடம் விலை பேசுமுன், எந்த ஊர்க் கீரை, என்ன தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள், மருந்தடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று மூன்று கேள்வி கேட்கலாம். நல்ல தண்ணீரில் விளைந்ததென்றால் கட்டுக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்பார். கொடுத்து வாங்குங்கள்.